கம்பிவேலிக்கு வெளியே ஒரு வீடு

எங்கள் முதல் குழந்தை, நான் கணக்கெழுதிய எஸ்டேட்டின் கிராணி குவார்ட்டர்ஸில், ரோட்டுப் பக்க அறையில், பிறந்த பதினோராம் நாள் இறந்தது. என் மனைவி ரஹாங்கில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்றுதான் சொன்னாள். "அந்த ரூமுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. வேற வீடு பாருங்க, வாரேன்."

சுவா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்த எஸ்டேட்டில் கிராணிக்கு வேறு வீடு எங்கே கிடைக்கும்? ரப்பர் மரங்கள் முடியும் மேட்டில், முதல் துரை கட்டிய பலகை வீடு ஒன்று ஜப்பான்காரன் காலத்திலிருந்து பாழடைந்து கிடந்தது. முடிந்தால் சரிசெய்து குடியிருந்துகொள் என்றார் இப்போதைய துரை. கேலியாகத்தான் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஞாயிறுதோறும் தனியாகப் போனேன். வௌவால் எச்சத்தைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினேன். கரையான் தின்ற தூண்களின் அடியை அறுத்துவிட்டுக் கல் வைத்தேன். லுக்குட்டில் வாங்கிய தகரத்தை நானே கூரையில் ஏறி அடித்தேன். பேச ஆளில்லாமல் வளைந்த ஆணிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பாதி வேலையில் அவசரகாலக் கெடுபிடி வந்தது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று தொழிலாளர் லயங்களையும் குவார்ட்டர்ஸையும் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். என் வீடு வெளியே நின்றது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் உள்ளே திரும்பிவிட வேண்டும். புத்தியுள்ளவன் அன்றைக்கே சுத்தியலைக் கீழே போட்டிருப்பான். நான் ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தேன். அவளுக்கு எழுதிய கடிதங்களில் பெயிண்ட் இருந்தது, வேலி இல்லை. அவள் வருவதற்குள் வேலியைப் பிரித்துவிடுவார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

தை பிறந்ததும், பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்து அவள் வந்தாள், கையில் புதுப் பானையும் பால் டின்னும். குவார்ட்டர்ஸுக்குள் கால் வைக்கவில்லை. மேட்டுக்குப் போகும் கேட்டில் காவல்காரர் டின்னை வாங்கி வைத்துக்கொண்டார்.

"சாப்பாட்டுச் சாமான் வெளிய போகக் கூடாது லா, கிராணியாரே. உங்களுக்குத் தெரியாததா?"

அவள் என்னைப் பார்த்தாள். "முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

வெறும் பானையோடு மேடேறினோம். ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். பச்சை ஜன்னலைத் திறந்து மூடினாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ராத்திரிக்கு எங்க படுக்கறது?"

பானையை அடுப்படியில் வைத்துவிட்டு இறங்கினாள். மூன்று மணி பஸ்ஸில் ரஹாங்குக்குப் போய்விட்டாள்.

காவல்காரர் டின்னைத் திருப்பிக் கொடுத்தார். குவார்ட்டர்ஸில் நான் ஒருவனாக அதைக் காய்ச்சினேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. பொங்கிருச்சு என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.