திரைக்குத் தெரியாத வள்ளம்

கடியப்பட்டணத்தில் வள்ளம் இழுக்கும் ஞானசெல்வி என்றால் தெரியாதவர்கள் இல்லை. கடலில் அல்ல, ரோட்டில். மணப்பாட்டில் வாங்கிய ஃபைபர் மீன்பிடி வள்ளத்தை முட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுமா, விழிஞ்ஞத்தில் தொழில் முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டுமா, அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிக்கப் வண்டியின் பின்கொக்கியில் டிரெய்லரை மாட்டி, அதில் வள்ளத்தை ஏற்றி வடம் போட்டுக் கட்டிக்கொண்டு வருவாள்.

வண்டியை வாங்கியது அவள் புருஷன் ஜேசுதாஸ். கத்தாரில் வேலை. 2014இல் லீவில் வந்தபோது, இனி ஊரிலேயே பிழைக்கலாம் என்று நினைத்து வண்டியையும் டிரெய்லரையும் வாங்கினான். கம்பெனி திரும்பக் கூப்பிட்டதும் போய்விட்டான். வண்டி ஆறு மாதம் தென்னைமரத்தடியில் நின்றது. அதன்மேல் காக்கை எச்சம் விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஞானசெல்வி ஓட்டப் பழகினாள். டிரெய்லரோடு பின்னால் எடுக்கத்தான் ரொம்பப் பாடுபட்டாள். பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று மாதம் அதைப் பழகினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்துச் சிரித்து, பிறகு அலுத்துப்போய் வராமலானார்கள்.

வண்டியில் அவளுக்கு மிகவும் பிடித்தது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரை. டேங்கில் இருக்கும் டீசலுக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்று அது காட்டும். ஜேசுதாஸ் போனில் சொல்லியிருந்தான்: "ஏட்டி, டீசல் முள்ளப் பாத்து உத்தேசமா ஓட்டாத. அது கம்ப்யூட்டர். அதுல உள்ளது சரியாத்தான் இருக்கும்."

2016 ஜூனில் அதே ஊர் இளைஞன் செல்வன் அவளிடம் வந்தான். பிறர் வள்ளத்தில் பங்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவன், மணப்பாட்டில் முதல்முதலாகச் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தான். வள்ளம் வந்து சேரும் அன்றே சாயங்காலம் பங்குத்தந்தை வந்து மந்திரித்து ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. காலையில் இருவரும் வெறும் டிரெய்லரோடு கிளம்பினார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முதுகில் தள்ள, வண்டி தானாக ஓடுவதுபோல் ஓடியது.

வள்ளத்தை ஏற்றியதும் செல்வன் கேட்டான். "எக்கா, டீசல் போட வேண்டாமா?"

அவள் திரையைப் பார்த்தாள். நூற்று முப்பது. வீடு தொண்ணூறு கிலோமீட்டர்தான். "தாராளமா கெடக்கு மக்கா. சீக்கிரம் போய்ச் சேருவோம்."

திரும்பும்போது காற்று நேர் எதிரே நின்றது. இருபுறமும் காற்றாலைகள் வெறிபிடித்ததுபோல் சுழன்றன. வள்ளத்தின் உயர்ந்த முன்பக்க அணியம் காற்றை மொத்தமாக வாங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த வண்டி முனகியது. உவரி தாண்டியபோது திரையில் தொண்ணூறு. கூடங்குளத்துக்கு வருவதற்குள் நாற்பது. இரண்டு கிலோமீட்டர் போனால் நான்கைக் கழித்தது. அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தலாம் என்று அவள் நினைத்தாள். அங்கே கரண்ட் இல்லை என்று கைகாட்டி அனுப்பிவிட்டார்கள். அஞ்சுகிராமம் கடந்ததும் எண்ணே மறைந்து வெறும் கோடுகள் தெரிந்தன.

ஒரு பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. பிரேக் மிதி ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு இறங்க மறுத்தது. டிரெய்லர் மெல்லப் பின்னால் உருளத் தொடங்கி, வண்டியின் பின்புறத்தை ஒரு பக்கமாகத் திருகியது. கீழே வாய்க்கால்.

"செல்வா, சாடு! கல்லு வை!"

அவன் குதித்து ஓடினான். அவள் கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். ரோட்டோரம் கிடந்த கருங்கல்லை அவன் சக்கரத்துக்கு அடியில் உருட்டித் தள்ளினான். வள்ளத்தின் பின்பக்கம் பாலத்துச் சுவரை உரசி நின்றது.

காற்றாலையில் வேலை பார்க்கும் ஒருவர் பைக்கில் போய் கேனில் டீசல் வாங்கிவந்தார். ஊற்றியும் வண்டி எழவில்லை. டீசல் குழாயில் காற்று ஏறியிருந்தது. கைப்பம்பை அழுத்தி அழுத்தி அந்தக் காற்றை வெளியேற்றுவதற்குள் அவளுக்கு விரல் தோல் உரிந்தது. அவர்கள் ஊர் சேர்ந்தபோது பங்குத்தந்தை திரும்பிப் போயிருந்தார். செல்வனின் அம்மா செசிலி, சுவரில் உரசிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள். ஏசியிருந்தால் ஞானசெல்விக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஜேசுதாஸ் போனில் நம்பவில்லை. "நீ கியரு மாத்தாம ஓட்டியிருப்ப. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

நாகர்கோவிலில் வண்டியை சர்வீசுக்கு விட்டபோது அங்கிருந்த இன்ஜினியரிடம் அவள் கேட்டாள். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். "பொய் சொல்லலக்கா. இதுவரைக்கும் ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடிச்சோ அத வச்சு இனிமேலும் அப்படித்தான் ஓடும்னு நெனச்சுக்கும். பின்னால வள்ளம் வர்றதும் எதிர்க்காத்து அடிக்கறதும் அதுக்குத் தெரியாது."

அன்றுமுதல் வள்ளம் ஏற்றிய பிறகு டேங்கை நிரப்பாமல் அவள் நகர்வதில்லை. கூடவே இரண்டு கேனும் வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த ஜேசுதாஸ், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஒரு வள்ளத்தை இழுத்துப்போக, தானே ஓட்டுவதாகச் சொல்லி உட்கார்ந்தான். திரை நானூற்றெழுபது காட்டியது. ஏற்ற இறக்கமான ரோடு. கருங்கல்லுக்கு வருவதற்குள்ளேயே அது நானூற்றுக்குக் கீழே போய்விட்டது. பாட்டை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். "இதென்னட்டி, இப்பிடி எறங்குது?" என்றான் கடைசியில்.

"பயப்படாதீங்க. டேங்கு நெறைய ஊத்தித்தான் வந்துருக்கேன்" என்றாள்.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. மாடியில் சிக்கியவர்களை எடுக்கக் கடற்கரை ஊர்களிலிருந்து வள்ளங்கள் போகின்றன என்று கோயில் மைக்கில் சொன்னார்கள். லாரி கிடைக்கவில்லை. செல்வன் வாசலில் வந்து நின்றான். "எக்கா, எனக்க வள்ளம் இருக்கு. இழுக்க நீங்க வருவியளா?"

போகிறேன் என்று ஜேசுதாஸுக்குப் போனில் சொன்னாள். அவன், "கேன் ரெண்டும் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

செல்வனின் கூட்டாளிகளையும் ஏற்றி, மார்த்தாண்டத்தில் டீசல் நிரப்பிக்கொண்டு, மழையில் கொட்டாரக்கரை வழியாகச் செங்கன்னூர்ப் பக்கம் போனார்கள். வழி மறித்த இடங்களில் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ரோடு தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் வள்ளத்தை இறக்கினார்கள். செல்வனும் அவன் கூட்டாளிகளும் ஓட்டு வீடுகளுக்கிடையே என்ஜினை மெல்ல விட்டுப் போய், முதல் தடவையிலேயே ஒரு கர்ப்பிணியையும் வயதானவர்கள் சிலரையும் கொண்டுவந்தார்கள்.

அங்கே நின்ற ஆம்புலன்சில் டீசல் தீர்ந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பெட்ரோல் பங்குகளெல்லாம் தண்ணீரில். டிரைவர் ஒவ்வொரு வண்டியாகக் கேட்டுவந்தான். ஞானசெல்வி கேன்களைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். நூற்று நாற்பது. ஊர் நூற்றெழுபது கிலோமீட்டர். நடுவில் எந்தப் பங்கு திறந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"எக்கா, குடுத்துறாதீங்க. நமக்கே பத்தாது" என்றான் செல்வன்.

அவள் யோசித்தாள். அந்த நூற்று நாற்பது, வள்ளத்தை இழுத்துவந்த கணக்கு. வள்ளம் இன்னும் சில நாள் இங்கேதான் நிற்கப்போகிறது. டிரெய்லரையும் கழற்றிப் போட்டுவிட்டால் வெறும் வண்டிதானே.

"அது வள்ளத்த வச்சு சொல்லுது மக்கா. நான் வள்ளமில்லாமத்தான போறேன்" என்று சொல்லி இரண்டு கேனையும் தூக்கி டிரைவரிடம் கொடுத்தாள். சொல்லிவிட்டாளே தவிர, கொடுத்த பிறகு மறுபடியும் திரையைத்தான் பார்த்தாள்.

கரையேறியவர்களில் கொட்டாரக்கரையில் சொந்தக்காரர் உள்ள ஒரு குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டாள். ஈரத் துணியோடு நடுங்கிய அந்த அம்மாவுக்குப் பின்சீட்டில் இருந்த போர்வையைக் கொடுத்தாள். முதலில் எண் அசையவே இல்லை. பிறகு நூற்று நாற்பத்தைந்து ஆனது. அவர்களை இறக்கிவிட்டபோது நூற்று எண்பது. வண்டி ஓட ஓட எண் கூடுவதைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. களியக்காவிளை தாண்டி நம்மூர் ரோட்டில் ஏறியபோதுதான் தோளை இறக்கி உட்கார்ந்தாள்.

தண்ணீர் வடிந்ததும் திரும்பப் போய் வள்ளத்தை எடுத்துவந்தாள். மதில்களிலும் கம்பிகளிலும் மோதி அடிப்பக்கம் நீளமாகக் கீறியிருந்தது. "பிசின் போட்டு ஒட்டிக்கலாம்" என்றான் செல்வன். வண்டி கிளம்பியதுமே கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். வழியில் முதலில் கண்ட பங்கில் அவள் வண்டியைத் திருப்பினாள். பையன் ஓடிவந்து எவ்வளவு என்று கேட்டான். தூங்குகிறவன் விழித்துவிடக் கூடாதென்று, நிரப்பு என்று கையாலேயே காட்டினாள்.