மண்ணுக்குப் பெரிய கால்

மாசி பிறந்த வாரம், நான் வாக்கப்பட்ட காமயகவுண்டன்பட்டியில், என் வீட்டு வாசலில் தேங்காய் வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரர் இறங்கவில்லை. "சுருளிப்பட்டியில ஒங்க மதினி பேச்சியம்மா போயிட்டாக, ஆத்தா. வெரசா ஏறுங்க" என்றார். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. பிறந்த ஊருக்கு மேலே, பாறைக் கரட்டில் காந்தள் கொடி காய்ந்து கிழங்கு எடுக்கிற காலம் இது. இனிமேல் கிழங்குக்குப் போகிற பெண்களுக்கு முன்னால் யார் நடப்பது?

மதினியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பெண்களில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்திதான். நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

எங்கள் கரட்டுக் காந்தளை நாங்கள் கண்வலிப்பூ என்போம். ஐப்பசி, கார்த்திகையில் புதரெல்லாம் சிவந்து கிடக்கும். தையில் கொடி காய்ந்ததும், மலைமேல் துரைமார் பங்களாத் தோட்டங்களுக்குக் கிழங்கு கேட்டு ஆள் வரும். கிழங்குக்குக் கலப்பை மாதிரி இரண்டு கால். தோண்டிய இடத்திலேயே ஒடித்து, அடுத்த மழைக்கு முளைக்கப் பெரிய காலைக் குழியில் வைத்து மூட வேண்டும். சின்னக் கால்தான் கூடைக்கு. முளை காலின் நுனியில் இருப்பதால் அதை நசுக்கக் கூடாது. இது என் தாய் காலத்துக்கும் முந்திய வழக்கம். வயிறு காய்ந்தபோதும் அதை விடாமல் பிடித்தவர் மதினி.

மழை பொய்த்த ஒரு வருஷம், கிழங்கு வாங்க வந்த தோட்டத்துக் கங்காணி, ஒடித்தது வழியிலேயே அழுகிவிடுகிறது, முழுசாகக் கொடுத்தால் கூலி கூட என்றார். பெண்கள் மனம் தடுமாறியது. மதினியின் புருஷன், என் அண்ணன்தான், விடியுமுன்பே கரடேறி ஒரு சாக்கு நிறைய முழுக்கிழங்கு கொண்டுவந்து ஊர்ச் சாவடியில் இறக்கினார்.

மதினி சாக்கின் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஒடிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய், "வீட்டுல இவ புருசன் முதுகையும் இப்பிடித்தேன் ஒடிப்பா போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனைத் தவிர. கங்காணி, ஒடித்ததை வாங்கவே மாட்டேன் என்றார்.

"வேணாட்டிப் போங்க. அடுத்த தைக்கும் நீங்க வருவீக. அப்ப கரட்டுல கெழங்கு இல்லைன்னா நாங்க எங்கன போக?" என்றார் மதினி.

கங்காணி போய்விட்டார். அந்த வருஷம் கிழங்குக் கூலி யாருக்கும் இல்லை. கிணற்றடியில் பெண்கள் மதினியிடம் பேசுவதை நிறுத்தினார்கள். அண்ணன் வீட்டில் பேசவில்லை. மதினி பெரிய கால்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு கரட்டுக்குப் போனார். கூடப் போன என்னிடம், "ஏத்தா, அவுக கோவம் தீந்தாப் பேசிருவாக. மண்ணு பேசாமப் போச்சுன்னா யாரு சமாதானம் பண்றது?" என்றார்.

அடுத்த தையில், அழுகாமல் இருக்க ஒடித்த வாயில் அடுப்புச் சாம்பல் தடவிக் கொடுத்துப் பார்த்தார். சிலது அழுகத்தான் செய்தது. ஆனாலும் கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கிப்போனார்.

இப்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் நாங்கள் இருந்த நாட்களில், கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் சிலர் ஒரு சாக்கு முழுக்கிழங்கு எடுத்துவிட்டார்கள். கருமாதி முடிந்த அன்று, புதிதாக வந்த கங்காணி அதைத் தூக்கப் போனார். மொட்டையடித்த தலையோடு அண்ணன் எழுந்து வந்தார். யாரையும் ஏசவில்லை. சாக்கின் முன்னால், மதினி உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து முதல் கிழங்கை ஒடித்தார்.

"சின்னதை எடுத்துக்கிருங்க. பெருசு கரட்டு மண்ணுக்குப் போகணும்."

பொன்னுத்தாய் இந்த முறை கேலி பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒடித்தாள்.

மதினி கிழங்கு தோண்டிய களைக்கொத்தை அவர் மகள் எடுத்துக்கொண்டாள். நியாயம்தான். கிழங்கு ஒடிகிற அந்தச் சத்தத்தை நான் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை, பெரிய கால்கள் நிறைந்த கூடையைத் தலையில் வைத்து, பெண்களுக்கு முன்னால் கரடேறியது நான்தான்.