ஹனா கேட்கும் வரை

கண்டிக்கு வந்த புதிதில் ஒரு தாயின் கைப்பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்குறணையில் ஒரு வீடு. பேச்சு வராத நான்கு வயது ஹனாவுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். அவள் உம்மா ரிஸ்னா பிஸ்கட்டை அவசரமாக நீட்டவும், "பைய குடுங்க" என்றேன். எங்கள் திருநெல்வேலியில் அதற்கு மெதுவாகக் கொடுங்கள் என்று பொருள். ரிஸ்னா சற்று யோசித்தார். உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்து மரியாதையாக நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கண்டிக்காரரைக் கட்டிக்கொண்டு பிலிமத்தலாவையில் குடியேறக் கிளம்பியபோது, அங்கேயும் தமிழ்தானே, என்ன கஷ்டம் என்று சொல்லித்தான் ஊரில் அனுப்பிவைத்தார்கள். நான் வேலை கற்ற நிலையத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அறை. அம்மாக்கள் கதவுக்கு வெளியே. பிள்ளை சொன்னதைச் செய்தால் உடனே அதற்குப் பிடித்தது கிடைக்கும். செய்யத் தெரியாவிட்டால் கைபிடித்துச் செய்ய வைப்போம். பிறகு அந்த உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். இங்கே உம்மா, மாமி, பக்கத்து வீட்டார், தேத்தண்ணி எல்லாம் ஒரே அறையில். "சேர்ல உக்காரு" என்று எத்தனையோ தடவை சொல்லியும் ஹனா அசையவில்லை. ரிஸ்னா போகிற போக்கில், "கதிரையில இரி மகள்" என்றார். போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டுத் தமிழை நானும் படிக்கத் தொடங்கினேன்.

ரிஸ்னாவுக்கு ஒரே ஆசைதான்: மகள் வாயால் உம்மா என்று கேட்கவேண்டும். ஆனால் ஹனாவுக்குக் கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. அவள் கண் போகும் இடத்துக்கு ரிஸ்னாவின் கை முந்திப் போய்விடும். அதனால் அவளுக்கு உயிரான சோப்புக் குமிழிப் போத்தலை மூடிவைத்து, அவள் ஏதாவது ஒலி எழுப்பும் வரை காத்திருக்கலாம் என்றேன். ஹனா மூடியைத் தட்டினாள், சிணுங்கினாள், உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

"புள்ளய ஏங்க வச்சிப் பாக்க ஏலா மிஸ்" என்று ரிஸ்னா மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இனி வரவேண்டாம் என்று அன்று மாலையே தகவல் வந்தது.

எனக்குத் தூக்கம் கெட்டது. இன்னும் ஒரே ஒரு முறை வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு போனேன். அழவிடத் தேவையில்லை, ஒரு மூச்சு நேரம் பொறுத்தால் போதும், வாயசைவு வந்தாலும் கொடுத்துவிடலாம் என்று விளக்கி, போத்தலை ரிஸ்னாவின் கையிலேயே கொடுத்தேன். என் கையில் இருந்தபோது அது தண்டனையாக இருந்தது. அவர் கையில் விளையாட்டாகிவிட்டது. முதலில் வெறும் உதட்டசைவு. பிறகு "ஊ". ஒவ்வொன்றுக்கும் அறை முழுக்கக் குமிழிகள். மாமியும் ஊதினார்.

மழை கொட்டிய ஒரு பிற்பகல், ரிஸ்னா அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். நான் எதையும் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். ஹனா அலுமாரி மேலிருந்த போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ம்மா" என்றாள். ரிஸ்னா வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் மா. மூடியைத் திறக்க வரவில்லை அவருக்கு. கண்ணைத் துடைக்கவும் வரவில்லை. நான்தான் போத்தலை எடுத்துத் திறந்து கொடுத்தேன்.

இப்போது படங்களுக்கு வந்திருக்கிறோம். ஒரே பெயர் பல உருவங்களுக்குப் பொருந்தும் என்று பிள்ளை அறியவேண்டும்; அதற்காக வெவ்வேறு வீடுகளைக் காட்டுவோம். போன வாரம் என் கைப்பேசியிலிருந்தே இரண்டு படங்களை அச்செடுத்துக்கொண்டு போனேன். திருநெல்வேலியின் மொட்டை மாடி வீடு ஒன்று. பிலிமத்தலாவையில் மழையில் நனையும் தகரக் கூரை ஒன்று. ரிஸ்னா எட்டிப் பார்த்து, "இதுல உங்கட ஊடு எது மிஸ்?" என்று கேட்டார். கேள்வி தன்னிடம்தான் என்று நினைத்த ஹனா, இடது கையை ஒன்றின் மேலும் வலது கையை மற்றதன் மேலும் விரித்து வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.