ராக்கி செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் பாதியில் எழுந்து போகிற ஆள் நான். என் வாப்பா ஜின் கதை சொன்னபோதே, அந்த ஜின்னுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டு அறை வாங்கியிருக்கிறேன். இப்போதும் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

எண்பதுகளின் நடுவில் தாராவியில் எங்களுக்கு ஒரு ராக் பேண்ட் இருந்தது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே இருந்தது. நான் டிரம்ஸ். பகலில் வாப்பாவின் பட்டறையில் தோல் பை வெட்டுவேன். டிரம்ஸுக்கு பிளாஸ்டிக் தோல் வாங்க வக்கில்லாமல் பட்டறை ஆட்டுத்தோலையே இழுத்துக் கட்டியிருந்தேன். மழைக்காலத்தில் அது தொங்கிப்போகும், வாசிப்பதற்கு முன் ஸ்டவ்வில் காட்டி சூடேற்ற வேண்டும். கிதாரும் பாட்டும் ராஜாமணி. அவனை ராஜாமணி என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ராக்கி என்றுதான் கூப்பிட வேண்டும். இங்கிலீஷ் பாட்டை கேசட்டில் கேட்டு, அர்த்தம் தெரியாமல், தொண்டை கிழியப் பாடுவான். ஆட்டோகிராப் கேட்டு வருகிறவர்களுக்காகச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பான். இரண்டிலும் மை காய்ந்ததுதான் மிச்சம்.

அதுவரை மூன்று ஷோ நடத்தியிருந்தோம். மூன்றிலும் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆள் வந்தது.

ராக்கிக்கு அம்மா கிடையாது. அப்பா சண்முகம் மாமாதான் வளர்த்தார். செம்பூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். கோபக்காரர், என்னைவிட மோசம். மகனுக்கு மஸ்கட்டில் வெல்டிங் வேலைக்கு விசா வாங்கிவிட்டார், வியாழக்கிழமை பிளைட். ராக்கி காலில் விழுந்து அழுததில் ஒரு வழி விட்டார். "ஞாயித்துக்கெழம உன் கூத்துக்கு ஹால் ரொம்பட்டும், நான் விசாவக் கிழிச்சுப் போடுதேன். ரொம்பலன்னா வாயப் பொத்திட்டு ஏறணும்." நிறையாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

இங்கிலீஷ் போஸ்டர் போட்டதால்தான் நம்ம ஜனங்கள் வரவில்லை, இந்தத் தடவை தமிழில் போடலாம் என்றான் ராக்கி. தாராவியில் தங்கராஜ் அண்ணாச்சியின் அச்சாபீஸுக்குப் போனோம். அவர் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாள், நேரம், செம்பூர் ஸ்கூல் ஹால் என்று இரண்டு வரிக்கு அச்செழுத்துக் கோத்து வைத்துவிட்டு, மீதியை மெஷின்காரன் பார்த்துக்கொள்வான் என்று போய்விட்டார். மெஷின்காரன் கண்பத், மராட்டிக்காரன், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது, அதுதான் விஷயம். நாங்கள் முனிசிபாலிட்டி இந்தி ஸ்கூலில் படித்தவர்கள், வீட்டில் தமிழ் பேசுவோம், எழுத்தைக் கண்டால் முழிப்போம். ஆனால் அதை ஒரு மராட்டிக்காரன் முன்னால் ஒத்துக்கொள்வேனா? அவன் மாதிரித் தாளை நீட்டி, சரியா என்பதுபோல் "டீக் ஹை?" என்றான். நான் வரிவரியாக விரலை ஓட்டி, எல்லாம் கச்சிதம் என்று தலையை ஆட்டி, "ஏக்தம்" என்றேன்.

நடுவில் முட்டை வடிவத்தில் ராக்கியின் போட்டோ. சுற்றிலும் பூ பார்டர். இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கு.

"லைட் எபெக்டெல்லாம் போட்டிருக்கான் பாரு காதரு, ரிச்சா இருக்குல்லா?" என்றான் ராக்கி.

சனிக்கிழமை சாயங்காலம் ஆள் வைத்து தாராவி, ஆண்டாப் ஹில், கோவண்டி வரை ஒட்டினோம். ஞாயிறு காலையிலேயே ஹாலுக்குப் போய்விட்டோம். ஆம்ப்ளிபயர் மழை ஈரத்தில் இருமிக்கொண்டிருந்தது, அதைச் சரிசெய்து, ஸ்டவ் ஏற்றி, தோலைக் காய்ச்சி முடிக்க மாலை ஆகிவிட்டது.

ஐந்தரைக்குத் திரை ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஹால் நிறைந்திருந்தது. சுவரோரம் நிற்கவும் இடமில்லை. ராக்கி என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தான். "மாலயெல்லாம் கொண்டாந்திருக்காங்கடே!" என்றான். நிறைய மாலை. பெண்கள் தலையை விரித்துப் போட்டிருந்தார்கள். நான் அதை ராக் பேஷன் என்று நினைத்தேன், மடையன்.

ஷோவைப் பதிவுசெய்ய ராக்கி டேப் ரெக்கார்டரை மேடை ஓரத்தில் வைத்து அமுக்கினான். திரையைத் திறந்தோம். இறுக்கமான பேண்ட், கறுப்புக் கண்ணாடி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றான்.

ஒரு கிழவி, "ஏ ஆத்தா!" என்று சாய்ந்தாள். பிறகு ஹாலே எழுந்துவிட்டது. ஒரு செருப்பு என் சிம்பல் தட்டில் பட்டு அழகாக ஒலித்தது. "செத்தவன் எப்படிலே வந்தான்?", "வெளம்பரத்துக்கு சாவு போஸ்டராலே ஒட்டுதீய?", "முலுண்ட்லேர்ந்து ரெண்டு வண்டி மாறி வாரேன், நாசமாப் போறவனே!" அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷினில் கிடந்த பழைய கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அச்சில் செத்தவர் போட்டோவை மட்டும் எடுத்துவிட்டு, ராக்கி போட்டோவையும் எங்கள் இரண்டு வரியையும் செருகியிருக்கிறான் கண்பத். மேலே இருந்த தலைப்பும் பெயரும் அப்படியே. முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவர்கள் பெயரை எங்கே பார்த்தார்கள்?

கூட்டத்தை இடித்துக்கொண்டு சண்முகம் மாமா வந்தார். டியூட்டி முடிந்து வரும் வழியில் பஸ் ஸ்டாப் சுவரில் பார்த்திருக்கிறார். காக்கி உடுப்பு, காலில் செருப்பில்லை. மேடையில் ஏறி மகனின் முகத்தை இரண்டு கையாலும் தடவினார், காதைத் தடவினார், பிறகு விட்டார் ஒரு அறை, கறுப்புக் கண்ணாடி பறந்துவிட்டது. அடித்துவிட்டு அவரே அழுதார். கூட்டம் மேடையை நெருங்கியது. ஷோ நின்றால் கதை முடிந்தது, ராக்கிக்கு வியாழக்கிழமை பிளைட்.

அப்போது முன்வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்திருக்காமல் இருந்தார். வெள்ளை வேட்டி சட்டை, தோளில் துண்டு, அறுபது வயது இருக்கும். அவர் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் பேசினார், ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

"ஏ, உக்காருங்கடே. வந்தது வந்தாச்சு. அந்தப் பய பாடட்டும். சம்முவம், நீரும் எறங்கி வந்து பக்கத்துல உக்காரும்வே."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாமாவும் இறங்கிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ராக்கி கன்னம் வீங்கியபடி பாடினான். அன்று பாடியதுபோல் அவன் அதற்கு முன்னும் பாடவில்லை, பின்னும் பாடவில்லை. ஜனங்கள் அழத் தயாராக வந்திருந்தார்களா, அர்த்தம் புரியாத இங்கிலீஷ் பாட்டுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே தாளம் போட்டார்கள். முடித்தபோது பெரியவர், "இன்னொண்ணு அடிங்கடே" என்றார். அடித்தோம். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அடித்தோம்.

கூட்டம் கலைந்தபின் நான் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பெரியவர் மேடை ஓரம் வந்து, குவிந்துகிடந்த மாலைகளில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

"பேரு சரியாத்தான் போட்டிருக்க. படந்தான் மாறிப்போச்சு. பரவால்ல" என்றார்.

ராக்கியின் சொந்தக்காரர், கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். "மன்னிச்சிருங்க பெரியப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே மாலையோடு போனார்.

வெளியே மாமா விசாத் தாளை நான்காகக் கிழித்துக்கொண்டிருந்தார். "மஸ்கட்டும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். கண்ணு முன்னால கெட" என்று மகனைத் திட்டினார். பிறகு என்னிடம், "பக்கத்துல இருந்தாருல்லா, யாருடே அவரு? 'எனக்கு இருவது பேருகூட வரல, ஒம்ம மவனுக்குப் பாரும்வே'ன்னு சொல்லிட்டே இருந்தாரு. அவரும் பாட்டுக்காரரா?" என்றார்.

அடுத்த வாரம் தங்கராஜ் அண்ணாச்சி ஊரிலிருந்து வந்து கண்பத்தையும் என்னையும் சேர்த்துத் திட்டினார். "ஆண்டாப் ஹில் அருணாசலம் நோட்டீஸ்லே அது! பாவம், போன மாசம் அவருக்கு அஞ்சலி வச்ச அன்னைக்குத்தான் மழையில ரயில் நின்னு, ஊரே முங்கிக் கெடந்துச்சு. ஒரு ஈ காக்கா வரல. செத்தும் மனுசனுக்குக் கொடுப்பின இல்ல, அவரு நோட்டீஸையுமா கெடுப்பீய?" என்று பழைய நோட்டீஸை என் மூஞ்சியில் எறிந்தார்.

எடுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மூன்று நாள் காய்ச்சல். எழுந்ததும் முதல் வேலையாக ஒரு வாத்தியாரைப் பிடித்துத் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டேன். இதை எழுத முடிவதும் அதனால்தான்.

ராக்கி பெரிய ஆளாகவில்லை. கல்யாணத்தில் பாடினான், கணபதி திருவிழாவில் பாடினான், இப்போது பாடுவதில்லை. "நான் செத்தாத்தாண்டே ஹவுஸ்புல்" என்று இன்றைக்கும் சிரிப்பான். அவன் நல்ல பாட்டுக்காரன், இந்த ஊருக்குக் காது கிடையாது, அவ்வளவுதான்.

அன்றைய கேசட் என்னிடம் இருக்கிறது. எல்லாம் பதிந்திருக்கிறது: கிழவியின் கூச்சல், சிம்பலில் செருப்பு, மாமா விட்ட அறை. கூட்டம் கத்துகிறது, திடீரென்று நிற்கிறது. "உக்காருங்கடே" என்கிற குரல் இல்லை. வெறும் டேப் ஓடுகிற சத்தம், அவர் பேசியதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்குமோ அவ்வளவு நேரம். நாற்காலிகள் எல்லாம் ஒன்றாக முனகுகின்றன. அதற்குப் பிறகு சண்முகம் மாமாவின் குரல் மட்டும், யாரிடமும் அவர் பேசாத பணிவோடு, தெளிவாகக் கேட்கிறது.

"சரி அண்ணாச்சி. இந்தா உக்காருதேன்."