சந்தேகத்தின் சொந்த வண்டி

ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். திருப்தியில்லை. மறுபடி அழுத்துகிறார். "சளி பிடிச்ச மாதிரி கத்துது. பேட்டரிக்குச் சாப்பாடு போகலை" என்கிறார். வண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தால், "நீங்க சொல்றதை அப்புறம் நம்புறேன். முதல்ல வண்டி சொல்லட்டும்" என்று கையமர்த்திவிடுகிறார்.

பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு ஒயரிங் பார்க்கிறவர். தெரு முழுக்க இவரைச் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடும். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். புது பேட்டரி மேல் சந்தேகம், அப்போதுதான் பிரித்த ஃபியூஸ் மேல் சந்தேகம். கரண்ட் பார்க்கும் மீட்டர் இரண்டு வைத்திருக்கிறார், ஒன்றை இன்னொன்று வேவு பார்ப்பதற்கு. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டிவிட்டால், "ரெண்டும் கூட்டுச் சேர்ந்துடுச்சு" என்பார். இந்த மனிதரைத் திருத்த யாரால் ஆகும்?

"பேட்டரி போச்சுண்ணே" என்று யாராவது வந்து நின்றால் போதும், பற்றிக்கொண்டு வரும். "சார்ஜே ஏறலைன்னா அது பாவம் என்ன பண்ணும்?" என்று பேட்டரிக்கு வக்காலத்து வாங்குவார். பிறகு மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்து, வண்டிக்காரரையே ஆக்ஸிலேட்டரை முறுக்கச் சொல்வார். பன்னிரண்டில் இருக்கும் எண் பதினாலுக்கு ஏறினால் சார்ஜ் ஆகிறது. அசையாமல் நின்றால் ஆகவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதை அவர் அறிவிக்கும்போது பார்க்கவேண்டுமே, ஆபரேஷன் முடித்து வெளியே வரும் டாக்டர் தோற்றார்!

இப்பேர்ப்பட்டவரின் சொந்த வண்டிதான் ஒரு மாதமாக அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். முதல் பஸ் கிளம்புவதற்கு முன்பே அவருக்கு வேலை தொடங்கிவிடும். இந்த வண்டியை விட்டால் வேறு வழி கிடையாது. அதுவோ நடுவழியில் விளக்கு மங்கி, இருமி, படுத்துவிடும். இன்னொரு தடவை தாமதமாக வந்தால் வார்டை விட்டு மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிடுவதாகத் தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். கிடங்கில் பெட்டிகள்தான் இருக்கும். வார்டிலோ, "நீ குடுத்தாத்தான் குடிப்பேன்" என்று இவரிடம் மட்டும் மருந்துக்கு வாய் திறக்கிற வாண்டு ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பெட்டிகளை எண்ண அந்த அம்மாளுக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தேகம் கடையை மூடிவிட்டு வீட்டு வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டார். ஏற்கெனவே புது பேட்டரி போட்டாயிற்று. நாலு நாள் நன்றாக ஓடி மறுபடி செத்தது. இன்ஜின் உண்டாக்கும் கரண்டை அடக்கி பேட்டரிக்கு அனுப்புகிற ரெகுலேட்டரையும் மாற்றியாயிற்று. கரண்டை உண்டாக்கும் காயில் சுருளோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஒயர் ஒயராகத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரி. முறுக்கினால் எண் மட்டும் ஏறமாட்டேன் என்றது.

பக்கத்துப் பங்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, பேட்டரி போச்சா?"

"நேத்து நீ இந்த வண்டிக்கிட்ட வந்தியா?"

"அடப் போங்கண்ணே! அடுத்து என்னையே மீட்டர் வச்சுப் பார்ப்பீங்க போல" என்று அவர் நழுவிவிட்டார்.

சாயங்காலம் மனைவி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். வார்டில் கேட்கிற அதே குரல்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"ஒரு மாசமா."

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சட்டத்துக்குப் பெயின்ட் அடிச்சேன். பளபளன்னு இருக்குன்னு நீயும்தானே சொன்னே? அது ஒரு குத்தமா?"

சொன்னவர் திறந்த வாயை மூடவில்லை.

பழைய வண்டி அது. ரெகுலேட்டருக்கு எர்த் ஒயர் தனியாகக் கிடையாது. அதன் உலோக உடம்பு வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கரண்ட் சுற்றிவரும். இவரோ துரு ஏறக்கூடாதென்று ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, அது உட்காரும் இடம், போல்ட் ஓட்டை ஒன்று விடாமல் மூன்று பூச்சு பூசி, அதன்மேல் மாட்டியிருந்தார். உலகத்தையே சந்தேகப்பட்ட மனிதருக்குத் தன் கைமேல் மட்டும் அப்படியொரு நம்பிக்கை!

மீட்டரை பேட்டரியில் மாட்டிவிட்டு ஒரு துண்டு ஒயரை எடுத்தார். ஒரு நுனியை ரெகுலேட்டர் உடம்பிலும் மறு நுனியை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் பிடித்துக்கொண்டார். "முறுக்கு" என்றார். மனைவி முறுக்கினார். எண் குடுகுடுவென்று பதினாலுக்கு ஏறியது.

"ஏறிடுச்சுங்க!" என்று அந்த அம்மாள் கத்திய கத்தலில் பங்சர் கடைக்காரர் ஓடிவந்தார். சந்தேகத்துக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிருந்தது.

"சுரண்டணும்" என்றார்.

"சுரண்டுங்களேன்."

"என்னால முடியாது. நீயே சுரண்டு." ரெகுலேட்டரைக் கழற்றி, உப்புத்தாளை மனைவி கையில் திணித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். உப்புத்தாள் கரகரக்கும் ஒவ்வொரு தடவையும், "போதும்மா... போதும்... ரெண்டு விரல் அகலம் போதும்" என்று தன் தோலையே உரிக்கிற மாதிரி நெளிந்தார். அந்த அம்மாள் மூன்று விரல் அகலத்துக்கு இரும்பு மின்னும்வரை விடவில்லை. போல்ட் ஓட்டைகளையும் சுரண்டினார்.

திங்கட்கிழமை விடியும் முன்பே கிளம்பினார்கள். விளக்கு தெருவைக் கழுவிவிட்ட மாதிரி வெளிச்சம் போட்டது. வண்டி ஒரு முறைகூட இருமவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது தலைமை நர்ஸே அப்போதுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தார். மனைவி இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, வாண்டு எழுந்திருப்பதற்குள் போய்விடலாம் என்று நாலு எட்டு நடந்தார். சட்டென்று நின்றார். திரும்பி வந்து கணவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

"குடுங்க."

"எதை?"

"சட்டைப் பையில வச்சிருக்கீங்களே, அதை."

சந்தேகம் அசடு வழிந்தார். பைக்குள் கைவிட்டு, குட்டிப் பெயின்ட் புட்டியையும் பிரஷையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.