கல்மேட்டில் காத்திருந்தவன்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். அன்று என் படகில் இருந்த அயோவாக்காரத் தம்பதி இன்றும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அந்தக் குரலை அவர்களும் கேட்டார்கள்.

எனக்கு ஊர் அலாஸ்காவில் பீட்டர்ஸ்பர்க். பனியாறு பார்க்க வருபவர்களை என் சிறு படகில் லெகான்ட் விரிகுடாவுக்குள் கூட்டிப்போவது தொழில். விரிகுடாவின் வாயில், நீருக்கடியில் ஒரு கல்மேடு உண்டு. மிதந்து வரும் பனிக்கட்டிகள் அதில் தட்டி நின்று வழியை அடைத்துவிடும். அதனால் இரண்டு படகுகளாகத்தான் போவோம். ஒருவர் உள்ளே போவார். மற்றவர் மேட்டுக்கு வெளியே நின்று, வழி திறந்திருக்கிறதா என்று ரேடியோவில் சொல்வார். உள்ளே போனவர் திரும்பும்வரை அவர் நகரக்கூடாது. எங்களுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

அன்று வெளியே நின்றவர் என் அக்கா சிக்ரிட்டின் கணவர் ஹால்வர்.

"நீ பாட்டுக்குப் போ மாப்ள. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?" என்று சிரித்தார்.

மதியம் 2:50. மூடுபனி இறங்கியது. கால்மணி நேரத்தில் பனியாறே மறைந்துபோனது. ரேடியோவை எடுத்தேன்.

"மச்சான், வழி இருக்கா?"

உஸ்ஸ்ஸ்... வெறும் இரைச்சல். மூன்று முறை கூப்பிட்டேன். 3:12க்குப் பதில் வந்தது.

"வா தம்பி. மெதுவா வா."

ஹால்வர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. குரலுக்குப் பின்னால் இன்ஜின் சத்தமும் இல்லை.

"இடது பக்கம் நீலக்கட்டி. புரளப் போவுது. தள்ளிப் போ."

சுக்கானை ஒடித்தேன். மடார்...! வீடளவு கட்டி புரண்டது. அலை படகைத் தூக்கிப் போட்டது. அந்த அம்மா கணவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அப்போதுதான் உறைத்தது. மச்சான் நிற்பது மூன்று மைல் தள்ளி.

இந்தக் கட்டி அவருக்கு எப்படித் தெரியும்...?

"மச்சான்... எங்க இருக்கீங்க?"

"அவன் போயிட்டான். ஒண்ணே முக்காலுக்கே."

ரேடியோவைக் காதோடு ஒட்டிப் பிடித்தேன்.

"அன்னைக்கும் ஒண்ணே முக்கால்தான்."

பிறகு இடது... வலது... நேரே... அவ்வளவுதான் பேச்சு.

3:47. மேட்டைத் தாண்டினோம்.

படகு இல்லை.

யாருமே இல்லை...

ஐந்து மணிக்குத் துறைக்கு வந்தேன். ஹால்வரின் படகு கட்டிக் கிடந்தது. இன்ஜின் மூடியைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது. நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மனிதர் மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா மாப்ள? குளிர் தாங்கல. உனக்குத் தெரியாத வழியான்னு கிளம்பிட்டேன்."

பன்னிரண்டு வருடங்களாக இவரை நம்பித்தான் என் உயிரை உள்ளே கொண்டுபோனேன். குரல் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

ஊருக்கே தெரிந்த கதை ஒன்று. பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஹால்வரின் கூட்டாளி ரூனே உள்ளே போனவன் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஹால்வர் மட்டும் இருட்டும்வரை மேட்டருகே காத்து நின்றாராம். அந்த விசுவாசத்தைப் பார்த்துத்தான் அக்கா அவரைக் கட்டிக்கொண்டாள்.

ஹால்வரின் உதடு வெளுத்திருந்தது.

"அன்னைக்கு நான் கிளம்பினது ஒண்ணே முக்காலுக்குன்னு யாருக்குமே தெரியாதுடா... கிளம்பறேன்னு ரூனேகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.