தள்ளி நின்று பார்த்த கோலாலம்பூர்

பெயின்ட் கடைக்காரன் வெளிநாடு போவதற்கு ஒரே வழிதான்: ஊரில் இருக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். வெட்கப்பட்டவர்கள் நம் கடைக்கு வர வேண்டும். கம்பெனி கேட்ட அளவு டப்பாக்களை அவர்கள் தலையில் நாம் கட்ட வேண்டும். அப்போது கம்பெனி நம்மைக் கூட்டமாக விமானத்தில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோய் இறக்கிவிட்டு, கையைத் தட்டச் சொல்லும். சிமென்ட், டைல்ஸ், மோட்டார் பம்பு விற்கும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டவர்கள்தான்.

என் கடை மயிலாப்பூரில், மாடவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். கலர் கலக்கும் மெஷின் என் மனைவி ஜமீலாவின் பொறுப்பு. யாராவது பழைய சுவரிலிருந்து பெயர்ந்த சில்லு ஒன்றைக் கொண்டுவந்து 'இதே கலர் வேணும்' என்று நீட்டினால், ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவாள். நான் கல்லாவில் உட்கார்ந்து அவளுக்கும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

மேஸ்திரியின் சந்தேகம்

இதற்கு முன்னால் கம்பெனி கூட்டிப்போனதெல்லாம் பாங்காக்தான், அதுவும் ஆண்களை மட்டும். ஒரு தடவை போனேன். சாப்பிட இடம் தேடியதிலும் தொழ இடம் தேடியதிலுமே பொழுது போய்விட்டது. மற்றவர்கள் சாயங்காலம் எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதன் பிறகு டிக்கெட் வேண்டாம் என்று சொல்லி, பதிலுக்கு மிக்ஸியோ மைக்ரோவேவோ வாங்கிக்கொள்வேன். எங்கள் வீட்டில் மிக்ஸிக்குப் பஞ்சமே கிடையாது.

இந்த வருஷம் கோலாலம்பூர் என்றார்கள். மனைவியோடுதான் வர வேண்டும் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு டீலர்கள் கூட்டத்தில் பல பேர் முகம் ப்ரைமர் மட்டும் அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போயிற்று. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையில் கடைக்கு வந்த ஏழுமலை மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பாய், ஃபாரின் டூருக்கு வூட்டம்மாவ இட்னு போறியா? அப்பால அங்க உனுக்கு இன்னா வேல கீது?"

டாக்டர் சொன்னதும் அவள் சொன்னதும்

நான் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்ச காலமாகவே ஜமீலா கதவு நிலையில் இடித்துக்கொள்வாள். காலடியில் இருக்கும் டப்பாவைத் தட்டிவிடுவாள். களைப்பு என்று நினைத்தோம். அடையாறில் ஒரு கண் டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையின் ஓரங்களைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. நடுப்பார்வை நன்றாக இருக்கிறது. சுற்றியிருப்பது போய்விட்டது. ஒரு குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்ப்பது மாதிரி. போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் பொய் சொல்லாத மனிதர், அதனால் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

சுவர்ச் சில்லு அவளுக்கு முன்போலவே தெரிகிறது. மெஷின் வேலையில் ஒரு குறையும் இல்லை. பெரிய பொருள்கள்தான் தொல்லை. என் முகத்தில் கண்ணைப் பார்த்தால் தாடி இருக்காது, தாடியைப் பார்த்தால் கண் இருக்காது. வெளியூர்ப் பயணமெல்லாம் போகலாமா என்று அப்போதே டாக்டரிடம் கேட்டோம். மருந்தை விடாமல் போட்டுக்கொண்டு தாராளமாகப் போகலாம் என்றார். திரும்பும் வழியில், ஆட்டோவில், அவளுக்கு என்ன ஆசை என்று கேட்டேன்.

"எதையாவது ஒண்ண முழுசாப் பார்த்துடணும்ங்க, பார்வை இருக்கும்போதே. கிட்ட நின்னா எல்லாம் துண்டு துண்டாத்தான் தெரியுது. தள்ளிப்போனா அடங்குது. ஆனா இந்த மயிலாப்பூர்ல எங்கங்க தள்ளிப்போறது?"

ஜன்னல் ஓரம்

முன்பின் தெரியாத ஊரில் அவள் விழுந்துவிடக் கூடாது என்று ஒரே ஒரு தீர்மானத்தோடு கிளம்பினேன்: அவள் கையை விடுவதில்லை. விமான நிலையத்தில் ஆரம்பித்தேன். சோதனை வாசலில் காவலர், ஒவ்வொருவராக வாருங்கள் என்று சொன்ன பிறகுதான் விட்டேன். அவளுக்கு இந்தப் பிடி பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

எங்கள் வரிசையில் ஜன்னல் சீட் ஜெயபால் அண்ணாச்சிக்கு வந்திருந்தது. தி.நகரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததால் அவர் மனைவி வர முடியவில்லை. கண் விஷயம் தெரிந்த அண்ணாச்சி உடனே எழுந்து ஜமீலாவுக்கு ஜன்னலைக் கொடுத்தார். காலை வெயிலில் விமானம் ஏறித் திரும்பியது. அடையாறு கடலில் கலக்கும் இடமும், கடற்கரையின் நீள மணலும், அதை ஒட்டிய அத்தனை தெருக்களும் சேர்ந்து ஒரு தாம்பாளத்தில் வைத்த மாதிரி கீழே கிடந்தன. அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தவள் எடுக்கவில்லை. மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கினால் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "நம்ம கடை தெரியுதா?" என்றேன். அண்ணாச்சிதான் என் தோளைத் தட்டினார்.

"சும்மா இருங்க பாய். அவங்க மெட்ராஸையே மொத்தமா எடுத்துக்கிட்டு இருக்காவ, நீங்க என்ன சில்லறையில கேக்கிய?"

பேனர்

டீலர் டூர் போனவர்களுக்குத் தெரியும், நாம் எந்த அதிசயத்தைப் பார்த்தாலும் அதற்கும் நமக்கும் நடுவில் கம்பெனி பேனர் இருக்கும். எங்கள் பேனரைச் சுமந்து வந்தவர் கார்த்திக், கம்பெனியின் விற்பனை அதிகாரி. பேனரோடு எடுத்த படம் மேலிடத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் அவருக்குத் திட்டு விழும்.

இரட்டைக் கோபுரத்தின் அடியில் இறங்கினோம். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்தோம். எஃகும் கண்ணாடியும் மேலே போய்க்கொண்டே இருந்தன. மனிதன் கட்டியது என்று நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜமீலா மட்டும் அண்ணாந்து பார்க்காமல், முகத்தைக் கோபுரத்தின் பக்கமே வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். நீரூற்றைச் சுற்றிப் பூங்காவுக்குள் போனோம். பெஞ்சு, குழந்தை வண்டி, யாரோ ஒருவர் கால் என்று நான் வழியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் சட்டென்று நின்றாள். "சுப்ஹானல்லாஹ்" என்றாள். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டு வந்த நானும் அப்போதுதான் நிமிர்ந்தேன். அடியிலிருந்து நுனிவரை இரண்டும் நின்றன, சாயங்கால வெளிச்சம் ஒரு பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. கிட்ட நின்று பார்த்தபோது இதில் பாதி அழகுகூட எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ, கார்த்திக் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பாய் சார், எல்லாரும் பேனருக்குப் பின்னாடி நின்னாச்சு. நீங்க ரெண்டு பேர் மட்டும் தாய்லாந்து பார்டர்ல நிக்கிறீங்க!"

தயிர்சாத வரிசை

சென்னையில் நட்சத்திர ஓட்டலில் டீலர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் எனக்கு விதித்தது சைவ வரிசைதான். கறி எங்கே அறுத்தது, எப்படி அறுத்தது என்று சப்ளையரைக் கேட்டால் அவர் மேனேஜரைக் கூப்பிடுவார், மேனேஜர் சமையல்காரரைக் கூப்பிடுவார். அத்தனை பேரைத் தொந்தரவு செய்வானேன் என்று தயிர்சாதத்தைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவேன்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய கடைவளாகத்தில் சாப்பிடப் போனோம். எங்கள் கம்பெனி ஏற்பாடு செய்திருந்த கடைகள் எல்லாவற்றிலும் ஹலால் என்று பலகை. மேல் மாடியில் தொழுகை அறை, தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்யச் சுத்தமான குழாய்கள். யாரையும் எதையும் கேட்காமல் தட்டை நீட்டினேன். அது எவ்வளவு பெரிய சுகம் என்பது கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவனுக்குத்தான் தெரியும். இன்னொரு தடவையும் போய்த் தட்டை நீட்டினேன். அண்ணாச்சியோ பத்துமலை முருகனைப் பார்க்கிறவரை கவிச்சி தொடுவதில்லை என்ற வேண்டுதலில் இருந்தார். இதில் மீன் தூள் இருக்கிறதா, அதில் இறால் இருக்கிறதா என்று கடைகடையாக அவருக்காகக் கேட்டு, கடைசியில் வெறும் சோறும் கீரையும் வாங்கிக் கொடுத்தேன். அவர் என் தட்டைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார்.

"இத்தன வருசமா தயிர்சாத வரிசையில உங்களப் பாத்து பாவம்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல பாய். இன்னைக்கு நெனைக்கேன்."

படியும் பூச்சும்

பத்துமலைப் படிகளுக்கு வரிசை வரிசையாக வண்ணம் அடித்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தை அங்கே இறக்கிவிட்டது தவறு. பக்தர்கள் 'அரோகரா' என்று ஏறிக்கொண்டிருக்க, சென்னை பெயின்ட் டீலர்கள் குனிந்து படியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இது எக்ஸ்டீரியரா எனாமலா, மழையை எப்படித் தாங்குகிறது, எத்தனை கோட் என்று ஒரு மாநாடே நடந்தது. அண்ணாச்சி மட்டும் எதையும் பார்க்காமல் நெற்றி நிறைய நீறோடு ஏறினார்.

நாங்கள் இருவரும் சாலைப் பக்கமாகத் தள்ளிப்போய் நின்றோம். கிரீடத்திலிருந்து பாதம்வரை, கையில் வேலோடு, அந்தப் பொன்னிறச் சிலை மலைக்கு முன்னால் நின்றது. புறாக்கள் எழும்பிச் சுற்றி வந்து உட்கார்ந்தன. ஜமீலா வழக்கம்போல, வெயில் படும் பக்கம் ஒரு தங்கம், நிழல் பக்கம் வேறு தங்கம் என்று கணக்குச் சொன்னாள். மயிலாப்பூரில் கோபுரத்துக்குப் பின்னால் குடியிருந்துகொண்டு கோபுரத்தையே துண்டு துண்டாகப் பார்க்கிறவள் அவள். இறங்கிவந்த அண்ணாச்சியின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவள் எதைப் பார்த்தாள் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் சிலையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏறும்போது கால் வழுக்கிரும்னு படியையே பாத்துட்டுப் போனேன் பாய். முருகன முழுசாப் பாத்தது நீங்க ரெண்டு பேருந்தான்."

அங்கேயே நில்லுங்க

கடைசி நாள் ஊருக்குச் சற்று வெளியே, ஏரிக்கரையில் இருக்கும் ஓர் இளஞ்சிவப்புப் பள்ளிவாசலுக்குப் போனோம். அந்தச் சிவப்பு பூச்சில்லை, கல்லின் சொந்த நிறம். இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி ஒரு டப்பா பெயின்ட்கூட வாங்கவில்லையே என்று எனக்குள் இருக்கும் வியாபாரி சொன்னான். தண்ணீர், அதன்மேல் அந்தக் குவிமாடம், மேலே மேகம். தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எங்கள் தெருப் பள்ளிவாசலில் கேட்கும் அதே வார்த்தைகள்தான்.

பெண்களுக்குத் தொழ வேறு பகுதி. வாசலில் நான் தயங்கினேன். "தொழுற இடத்துக்குமா கையப் பிடிச்சுக்கிட்டு வருவீங்க?" என்று கையை விடுவித்துக்கொண்டு, சுவரோரமாகப் போய்விட்டாள். பிற்பகல் தொழுகையான அஸர் தொழுதேன். மனம் முழுக்கப் பெண்கள் பகுதிப் படிகளிலேயே இருந்தது. எத்தனை படி, எந்தப் பக்கம், யார் மேலாவது இடித்துக்கொண்டாளா. தொழுதுவிட்டு ஓடிவந்தால், நான் காத்திருக்கச் சொன்ன தூணருகில் அவள் இல்லை. முற்றமோ நம் ஊர்க் குளம்போல அகலம். ஓரங்களே தெரியாத பெண்ணை நானே கூட்டிவந்து தொலைத்துவிட்டேன் என்று நாலு பக்கமும் தேடியபடி நடு முற்றத்தில் நின்றேன். போன் அடித்தது.

"அங்கேயே நில்லுங்க" என்றாள். எங்கே இருக்கிறாய் என்று கத்தினேன். "எதிர்ல, வாசல் பக்கம். வராதீங்க. அசையாதீங்க." அந்தக் கோடியில் சின்னதாக அவள் நீலத் துப்பட்டா தெரிந்தது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. போகவில்லை. கார்த்திக் எங்கிருந்தோ பேனருக்குக் கூப்பிட்டார், திரும்பவில்லை. வெயிலில் அப்படியே நின்றேன், கண்ணில் நீர் வழிந்தது, துடைத்தால் அசைந்துவிடுவேனே என்று துடைக்கவும் இல்லை. கடைசியில் போனில் அவள் குரல் வந்தது.

"தொப்பி, தாடி, சட்டை, வெறுங்காலு, எல்லாம் ஒண்ணா வந்துடுச்சுங்க. ரெண்டு வருசமாச்சு உங்கள முழுசாப் பார்த்து. கொஞ்சம் இளைச்சுத்தான் போயிருக்கீங்க."

பெயின்ட் கடைக்காரனுக்குப் பதவி உயர்வு என்று ஒன்று கிடையாது என்பார்கள். எனக்குக் கிடைத்தது, கோலாலம்பூரில் பார்க்க வேண்டிய இடங்களில் நானும் ஒன்றாகிவிட்டேன்.